மின்வாகனங்களுக்குச் சாலை வரி: டிசம்பர் 31-க்குப் பிறகு எந்த அடிப்படையில் விதிப்பது நியாயம்?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்) – 2025 டிசம்பர் 5

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் மின்கலத்தால் இயங்கும் வாகனங்களுக்கு வழங்கப்பட்டு வரும் நூறு விழுக்காடு மோட்டார் வாகன வரிவிலக்கு இந்த மாதம் 31-ஆம் தேதியோடு முடிகிறது. 2019-ஆம் ஆண்டின் மின்வாகனக் கொள்கையில் இடம்பெற்று, 2020 நவம்பரில் அரசாணையாகி, முதலில் 2022 இறுதி வரைக்கும் பின்னர் 2025 இறுதி வரைக்கும் என்று வந்த சலுகை இது. மீண்டும் நீட்டிக்கப்பட்டால் மகிழ்ச்சியே. ஆனால் இன்றோ, இரண்டாண்டு கழித்தோ, என்றாவது ஒரு நாள் வரி வரத்தான் போகிறது. அப்படி வரும்போது எதை அளவுகோலாகக் கொண்டு வரி போடுவார்கள் என்பதை இப்போதே பேசிவிட வேண்டும் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் அச்சம் இதுதான். புதிதாக எதையும் யோசிக்காமல், விலக்கை மட்டும் எடுத்துவிட்டால், பெட்ரோல் வண்டிகளுக்கு உள்ள வாழ்நாள் வரி அப்படியே மின்வண்டிகளின் மீது வந்து உட்காரும். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதங்களின்படி, கார்களுக்கு 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 விழுக்காடு. இந்த வரி வண்டியின் விலையின் மீது விதிக்கப்படுவது. மின்வண்டியின் விலையில் பெரும்பகுதி மின்கலத்தின் விலை. ஒரே அளவுள்ள இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். பெட்ரோலில் 9 லட்சம், மின்சாரத்தில் 13 லட்சம் என்று வைத்தால், முதலாவதற்கு வரி 1,17,000 ரூபாய். இரண்டாவதற்கு 2,34,000 ரூபாய். சரியாக இரண்டு மடங்கு. அதே சாலை, அதே ஐந்து இருக்கை, அதே குடும்பம். கூடுதலாகச் செலுத்தும் 1,17,000 ரூபாய் சாலைக்காக அல்ல, மின்கலத்தை வாங்கியதற்காக.

இருசக்கர வண்டியிலும் இதே கதைதான். ஒரு லட்சம் வரை 10 விழுக்காடு, அதற்கு மேல் 12 விழுக்காடு. 95,000 ரூபாய் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 9,500. 1,30,000 ரூபாய் மின் ஸ்கூட்டருக்கு 15,600.

இந்தச் செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். மின்வண்டிக்கு 2019 ஆகஸ்டு முதல் 5 விழுக்காடுதான் என்றாலும், இடைவெளி முன்பு இருந்ததை விடச் சுருங்கிவிட்டது. இதற்கு மேல் வாழ்நாள் வரியும் சேர்ந்தால், நடுத்தரக் குடும்பம் மின்வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வரியே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. விலையின் மீது வேண்டாம் என்கிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

---

வரிக்கணக்கர் – 2025 டிசம்பர் 5

நான் வணிகவரித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நொய்யல்கரை எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. ஆனால் அரசின் பக்கக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரி 13 விழுக்காடும், அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். சென்னையில் லிட்டர் 101 ரூபாயை ஒட்டி விற்கும்போது மாநிலத்துக்கு ஏறத்தாழ 22 ரூபாய் போகிறது. ஒன்றிய அரசின் கலால் வரி, 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு, 21 ரூபாய் 90 காசு. ஆகவே ஒரு லிட்டரில் 43, 44 ரூபாய் வரியாகும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் 800 லிட்டர் தேவை. மாநிலத்தின் பங்கு மட்டும் 17,500 ரூபாய்க்குச் சற்றே குறைவு. ஒன்றியத்தின் பங்கும் அதே அளவு. ஒரு குடும்பம் பெட்ரோல் காரை விட்டு மின்காருக்கு மாறும் நாளில், மாநிலக் கருவூலம் வாழ்நாள் வரியையும் இழக்கிறது, ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த இந்த 17,500 ரூபாயையும் இழக்கிறது. முதல் இழப்பு ஒரு முறை நிகழ்வது. இரண்டாவது, வண்டி ஓடும் காலம் முழுக்கத் தொடர்வது. சலுகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே பேசுகிறார்கள்.

இன்னொரு செய்தி. சாலை வரி என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே தவிர, அந்தப் பணம் சாலைக்கென்று தனியாக ஒதுக்கி வைக்கப்படுவதில்லை. மாநிலத்தின் தொகுநிதியில் சேர்ந்து, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் ஒன்றாகவே செலவாகிறது. வாகன வரி என்பது சாலை வசதிக்கு ஈடாகப் பெறும் தொகை என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1960-களில் வளர்த்தது. ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் 2016-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்த ஈட்டு வரிக் கோட்பாட்டைக் கைவிட்டது. எனவே “நான் சாலையைக் கெடுக்கவில்லை, ஆகவே வரி செலுத்த மாட்டேன்” என்ற வாதம் சட்டத்தில் நெடுந்தொலைவு போகாது. நியாயத்தின் பெயரால் பேசலாம், அது வேறு.

---

நாமக்கல் லாரிப்பட்டறை – 2025 டிசம்பர் 6

நொய்யல்கரைத் தம்பிக்கு வணக்கம். நான் இருபத்தெட்டு ஆண்டுகளாக லாரி வைத்திருப்பவன். எங்களுக்கு வாழ்நாள் வரி என்று ஒரே தடவையில் முடிவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலாண்டு வரி கட்ட வேண்டும். அதோடு தகுதிச் சான்று, பெர்மிட், சுங்கச்சாவடி, ஒவ்வொரு லிட்டர் டீசலிலும் வரி. வண்டி பட்டறையில் நின்றாலும், முறைப்படி எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்காவிட்டால் வரி நிற்காது.

போன மாதம் எங்கள் பட்டறைக்கு எதிரே ஒரு மருத்துவர் அரைக் கோடி ரூபாய் மின்காரை நிறுத்தினார். பச்சை நம்பர் பிளேட். அந்த வண்டிக்குச் சாலை வரி ஒரு ரூபாய்கூட இல்லை. என்னிடம் கிளீனராக வேலை பார்க்கும் பையன் தவணையில் வாங்கிய எழுபதாயிரம் ரூபாய் பெட்ரோல் வண்டிக்கு ஏழாயிரம் ரூபாய் வரி கட்டியிருக்கிறான். இதை நான் பொறாமையால் எழுதவில்லை. அவன் என்னிடம் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

---

நொய்யல்கரை – 2025 டிசம்பர் 6

அண்ணா, உங்கள் கேள்விக்கு என்னிடமும் நேரான பதில் இல்லை. அந்தப் பையனின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. விலக்கு விலைக்கு வரம்பின்றி அளிக்கப்பட்டது தவறு என்றே நானும் நினைக்கிறேன். கர்நாடகம் 2024-இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 10 விழுக்காடு வாழ்நாள் வரி விதித்தபோது பலர் கொதித்தார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. மகாராட்டிரத்தில் 30 லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 6 விழுக்காடு என்று இவ்வாண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்துவிட்டு அதே மாதத்தில் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது பிழை என்பது என் கருத்து.

ஆனால் எடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அண்ணா வருத்தப்படக் கூடாது. மின்வண்டி கனமானது, சாலையைக் கெடுக்கிறது, அதனால் வரி வேண்டும் என்று பல இடங்களில் படிக்கிறேன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, சாலைகளைப் புதிதாகப் போட்டு, படைவீரர்களைக் கொண்டு இரவு பகலாக லாரிகளை ஓட்டி ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். சாலையின் தேய்மானம், அச்சின் மீது இறங்கும் எடையின் நான்காம் அடுக்கை (அதே எண்ணை நான்கு தடவை எழுதிப் பெருக்கினால் வருவதை) ஒட்டி உயர்கிறது என்ற விதி அதிலிருந்து வந்தது. 1,600 கிலோ காரில் ஒரு அச்சுக்கு 800 கிலோ. நம் நாட்டில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 2018 முதல் அனுமதிக்கப்பட்ட எடை 11.5 டன். இரண்டையும் வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், லாரியின் அந்த ஒரு அச்சு செய்யும் தேய்மானம் காரின் அச்சைப் போல நாற்பதாயிரம் மடங்குக்கும் மேல். மின்கலத்தால் கார் இருபது விழுக்காடு கனத்துப் போனால் அதன் தேய்மானம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது உண்மை. ஆனால் கடுகை இரு மடங்காக்கினாலும் அது கடுகுதான். காரின் எடைக்காக வரி என்பவர்கள் இந்தக் கணக்கை லாரிக்கும் நேர்மையாகப் போட்டால், நாமக்கல்லில் ஒரு வண்டியும் ஓடாது. அதை நான் விரும்பவில்லை. நம் வீட்டு அரிசியும் பருப்பும் அந்த லாரியில்தான் வருகின்றன.

---

திண்டல்மேடு – 2025 டிசம்பர் 6

வரி பற்றிய பெரிய விவாதத்தின் நடுவில் ஒரு சிறிய கேள்வி கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளவும். சென்ற மாதம் மின் ஸ்கூட்டர் வாங்கினேன். “ரோடு டாக்ஸ் இல்லை, ரிஜிஸ்ட்ரேஷன் இலவசம்” என்று விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது. ஆனால் கையில் கொடுத்த விலைத்தாளில், எக்ஸ்-ஷோரூம் விலைக்குக் கீழே காப்பீடு ஒரு வரி, அதற்குக் கீழே “ஆர்.டி.ஓ. மற்றும் இதர செலவு 4,800” என்று ஒரு வரி. பிரித்துக் காட்டுங்கள் என்றேன். விற்பனையாளர் தாளைத் திருப்பி வைத்து, அதன் பின்பக்கத்தில் பேனாவால் “பதிவு, பிளேட், கார்டு, சர்வீஸ்” என்று நான்கு சொற்களை எழுதினார். ஒன்றுக்கும் தொகை எழுதவில்லை. வண்டியை அன்றே எடுக்க வேண்டியிருந்ததால் கட்டிவிட்டு வந்தேன். இது முறையா?

---

படிவம்20 – 2025 டிசம்பர் 7

நான் வாகனப் பதிவுக்கான ஆவணங்களைத் தயார் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். திண்டல்மேடு நண்பருக்கு விளக்கமாகவே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஆகஸ்டு 2-ஆம் தேதி வெளியிட்ட அறிவிக்கையின்படி, மின்கல வாகனங்களுக்குப் பதிவுச் சான்று வழங்கவோ, அதைப் புதுப்பிக்கவோ, புதிய பதிவெண் ஒதுக்கவோ கட்டணம் கிடையாது. பெட்ரோல் இருசக்கர வண்டிக்கு இது 300 ரூபாய், காருக்கு 600 ரூபாய். இந்தத் தொகை சிறியது என்று தோன்றலாம். பதினைந்து ஆண்டு கழித்துப் புதுப்பிக்கும்போதுதான் இதன் மதிப்பு தெரியும். பெட்ரோல் காருக்கு அப்போது 5,000 ரூபாய்.

விலக்கு இல்லாதவை எவை என்றால், ஸ்மார்ட் கார்டுக்கான 200 ரூபாய், கடனில் வாங்கினால் கடன் கொடுத்தவரின் உரிமையை (ஹைப்பாதிகேஷன்) பதிவு செய்ய இருசக்கரத்துக்கு 500, காருக்கு 1,500, உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் விலை, அஞ்சல் செலவு போன்றவை. இவற்றையெல்லாம் கூட்டினாலும் ஒரு ஸ்கூட்டருக்கு 4,800 ரூபாய் வராது. மிச்சம், விற்பனை நிலையம் தனக்காக எடுத்துக்கொண்ட தொகை. அரசுக்குச் செலுத்திய ஒவ்வொரு காசுக்கும் பரிவாகன் என்ற அரசின் வாகனப் பதிவு இணையத்தளத்தில் இரசீது இருக்கும். வண்டி எண்ணைக் கொண்டு நீங்களே எடுத்துப் பார்க்கலாம். அந்த இரசீதையும் விலைத்தாளையும் சேர்த்து வைத்து, வித்தியாசத்தை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். அப்படிக் கேட்டுத் திரும்பப் பெற்றவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

---

பாலக்காட்டுக் கணவாய் – 2025 டிசம்பர் 7

வீடு பாலக்காட்டில், வேலை கோயம்புத்தூரில். அதனால் இரண்டு மாநில வரியையும் நன்கு அறிவேன். கேரளத்தில் மின்கார்களுக்கு முன்பு ஒரே விகிதமாக 5 விழுக்காடு வரி இருந்தது. இவ்வாண்டு ஏப்ரல் முதல் 15 லட்சம் வரை 5, 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10 விழுக்காடு என்று ஆக்கியிருக்கிறார்கள்.

நொய்யல்கரையின் வாதத்துக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு பிரிவு அதில் இருக்கிறது. மின்கலத்தை வாங்காமல் மாத வாடகைக்கு எடுக்கும் திட்டத்தில் விற்கப்படும் கார்களுக்கு, விலை எதுவானாலும் 10 விழுக்காடு. ஏன் என்று சிந்தித்துப் பாருங்கள். மின்கலத்தின் விலையைக் கழித்துவிட்டு வண்டியை விற்றால் வரிக்கான அடிப்படை சுருங்கிவிடுகிறது. அதை ஈடுகட்ட விகிதத்தை உயர்த்தினார்கள். அதாவது மின்கலம் வரிக்குள் இருக்க வேண்டும் என்பதில் அரசு உறுதியாக இருக்கிறது. நாளை தமிழ்நாட்டிலும் இதே முறை வரலாம்.

கூடவே ஒரு எச்சரிக்கை. வரியில்லை என்பதற்காகக் கோவை முகவரியில் பதிவு செய்துவிட்டு இங்கே நிரந்தரமாக ஓட்டும் சிலரை எனக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அங்குள்ள வரியையும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பெற்ற விலக்கு எல்லையிலுள்ள வாளையாறு தாண்டிச் செல்லாது.

---

ஆக்லாந்து வாசி – 2025 டிசம்பர் 8

பதினோரு ஆண்டுகளாக நியூசிலாந்தில் இருக்கிறேன். விலைமீது வேண்டாம், ஓடும் தொலைவின்மீது இருக்கட்டும் என்பவர்களுக்கு இங்குள்ள அனுபவத்தைச் சொல்கிறேன்.

இங்கே டீசல் வண்டிகளுக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் 1978 முதலே நடைமுறையில் உள்ளது. மின்கார்களுக்கு 2009-இல் தொடங்கிய விலக்கு 2024 மார்ச் 31-உடன் முடிந்தது. ஏப்ரல் 1 முதல் 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். பெட்ரோலிலும், செருகிச் சார்ஜ் செய்யும் மின்கலத்திலும் ஓடும் (பிளக்-இன் ஹைப்ரிட்) வண்டிகளுக்கு 38 டாலர். கட்டணத்தை முன்கூட்டியே ஆயிரம் ஆயிரமாக வாங்க வேண்டும். வாங்கியதும் ஒரு சிறிய அட்டை வரும். அதில் எத்தனையாவது கிலோமீட்டர் வரை உரிமம் உள்ளது என்று அச்சிட்டிருக்கும். அதை முன்கண்ணாடியின் உட்புறத்தில், இடப்பக்கத்தில் வைக்க வேண்டும். என் வண்டியில் இப்போது 61,000 என்று இருக்கிறது; ஓடுமானியில் 60,420. அடுத்த வாரம் மறுபடியும் வாங்க வேண்டும். வண்டித் தகுதிச் சோதனைக்குப் போகும்போதெல்லாம் ஓடுமானியின் எண் பதிவாகிவிடுவதால் ஏமாற்றுவது எளிதல்ல.

முறை சீராக நடக்கிறது. ஆனால் விகிதத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நூறு கிலோமீட்டருக்கு நான்கு லிட்டர் மட்டும் குடிக்கும் பெட்ரோல் கலப்புக் கார் (ஹைப்ரிட்), 1,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வரியாகச் செலுத்துவது 30 டாலர் அளவில்தான். புகையே விடாத என் வண்டி 76 டாலர் செலுத்துகிறது. விலக்கு நீங்கிய பிறகு இங்கே மின்கார் விற்பனை சடசடவென்று சரிந்ததற்கு, வாங்குவோருக்கான தள்ளுபடி 2023 இறுதியில் நிறுத்தப்பட்டதோடு இதுவும் ஒரு காரணம். தொலைவின்மீது வரி என்பது கொள்கையளவில் நேர்மையானது. எந்த நாளில், எந்த விகிதத்தில் தொடங்குகிறீர்கள் என்பதில்தான் அதன் நேர்மை நிற்கிறது.

---

டாலஸ் முருகேசன் – 2025 டிசம்பர் 8

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் தொலைவையும் பார்ப்பதில்லை, விலையையும் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்று பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். டெக்சசில் 2023 செப்டம்பர் முதல் புதிய மின்காரைப் பதிவு செய்ய 400 டாலர், பிறகு ஆண்டுதோறும் 200 டாலர். இங்கே மாநிலப் பெட்ரோல் வரி காலனுக்கு 20 சென்ட். காலனுக்கு 30 மைல் தரும் கார் 12,000 மைல் ஓடினால் 400 காலன். மாநில வரி 80 டாலர். ஆக, மின்கார் வைத்திருப்பவர் இரண்டரை மடங்கு செலுத்துகிறார். மாதம் நூறு மைல் மட்டும் ஓட்டும் என் மாமியாரும் அதே 200 டாலர்தான் செலுத்துகிறார். தயவுசெய்து இந்த முறையை மட்டும் நம் ஊரில் யாரும் பரிந்துரைக்காதீர்கள்.

---

யாரா நதி – 2025 டிசம்பர் 9

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்ததையும் பதிவு செய்துவிடுகிறேன், ஏனெனில் அது கூட்டாட்சி தொடர்பான பாடம். 2021 ஜூலை 1 முதல் மின்கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 2.5 சென்ட் கட்டணம் விதித்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஓடுமானியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மின்கார் வைத்திருந்த இருவர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2023 அக்டோபர் 18-ஆம் தேதி, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், இது கலால் வரியின் தன்மை கொண்டது, அரசமைப்பின் 90-ஆவது பிரிவின்படி கலால் விதிக்கும் உரிமை ஒன்றியத்துக்கு மட்டுமே உண்டு என்று, அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. இந்தியாவில் ஒரு மாநிலம் கிலோமீட்டர் வரி போட்டால் இதே சிக்கல் எழுமா என்பதை வரிக்கணக்கர் ஐயா விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

வரிக்கணக்கர் – 2025 டிசம்பர் 9

நல்ல கேள்வி. நம் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57-ஆவது பதிவு, சாலையில் ஓட்டத்தக்க வாகனங்களின்மீது வரி விதிக்கும் உரிமையை மாநிலங்களுக்குத் தருகிறது. அந்த வரிகள் எந்தக் கோட்பாடுகளின்படி விதிக்கப்பட வேண்டும் என்பதை ஒன்றியம் வகுக்கலாம் என்று பொதுப் பட்டியலின் 35-ஆவது பதிவு சொல்கிறது. ஆகவே ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மூடியிருந்த கதவு இங்கே திறந்தே இருக்கிறது என்பது என் கருத்து. வாகன வரியை விலையில் கணக்கிட வேண்டும் என்ற கட்டாயம் அரசமைப்பில் எங்கும் இல்லை. இருக்கைக் கணக்கிலும், சரக்கேற்றிய எடைக் கணக்கிலும் வணிக வாகனங்களுக்கு இன்றும் வரி கணக்கிடுகிறோம். நாமக்கல் அண்ணனின் காலாண்டு வரி எடையைப் பார்த்துத்தான் வருகிறது.

எனக்குள்ள தயக்கம் சட்டத்தில் அல்ல, நடைமுறையில். பெட்ரோல் வரியைச் சில எண்ணெய் நிறுவனங்களிடம் வாங்கினால் போதும். கிலோமீட்டர் வரியை இலட்சக்கணக்கான வீட்டுவாசல்களில் வாங்க வேண்டும்.

---

படிவம்20 – 2025 டிசம்பர் 9

ஐயா சொல்லும் நடைமுறைச் சிக்கலை நான் அன்றாடம் பார்க்கிறேன். சொந்தப் பயன்பாட்டு வண்டியைப் பதினைந்து ஆண்டுகளுக்கு எந்த அலுவலரும் பார்ப்பதில்லை. பெட்ரோல் வண்டியாவது புகைச் சோதனைக்குப் போகும். மின்வண்டிக்கு அதுவும் இல்லை. ஓடுமானியைப் பார்க்க நமக்கு இருக்கும் ஒரே வாய்ப்பு ஆண்டுக் காப்பீட்டுப் புதுப்பிப்பு. கார்களுக்கு அது ஓரளவு நடக்கும். இருசக்கர வண்டிகளில் முதல் தவணைக் காப்பீடு முடிந்ததும் புதுப்பிக்காமல் ஓட்டுவோர் ஏராளம்; கிலோமீட்டருக்கு வரி என்று சொன்னால் இன்னும் பலர் காப்பீட்டையே விட்டுவிடுவார்கள். விபத்து நடந்தால் அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கிடைக்காது.

---

செவிலியர் செல்வி – 2025 டிசம்பர் 10

இந்த இழையை நான்கு நாளாகப் படித்து வருகிறேன். நான் கொல்லிமலை அடிவாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். துணை சுகாதார நிலையத்திலிருந்து கர்ப்பிணிகளின் வீடுகளுக்கும், தடுப்பூசி நாளில் அங்கன்வாடிகளுக்கும் என ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் குறையாமல் மின் ஸ்கூட்டரில் போகிறேன். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் தாண்டும். பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எனக்கு வண்டி ஓட்டுவது விருப்பம் அல்ல, வேலை.

வரிக்கணக்கர் ஐயா போட்ட கணக்கை ஸ்கூட்டருக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தந்தால், மாநில வரி கிலோமீட்டருக்கு 48 காசு. அதையே எங்கள்மீது போட்டால் எனக்கு ஆண்டுக்கு 5,800 ரூபாய். நகரத்தில் அலுவலகத்துக்குப் பத்து நிமிடத்தில் போய்வருகிறவருக்கு அதில் கால்பங்குகூட வராது. தொலைவில் வசிப்பவரும், பேருந்து வராத ஊரில் வேலை பார்ப்பவரும் கூடுதலாகக் கட்டுவதை எப்படி நியாயம் என்கிறீர்கள்? இன்னொன்றையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் சார்ஜ் செய்வதால் இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடுகிறது. சென்ற கோடையில் எங்கள் வீட்டுக் கணக்கு 512 யூனிட்டில் நின்றது. அந்தப் பன்னிரண்டு யூனிட்டுக்காகக் கட்டிய தொகையை நான் இன்னும் மறக்கவில்லை.

---

நொய்யல்கரை – 2025 டிசம்பர் 10

சகோதரி, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்கிறேன். தொடங்கும்போது விலைக்கு மாற்றாகத் தொலைவு என்பதே என் மனத்தில் இருந்தது. ஓடுபவர் கொடுக்கட்டும் என்று எளிதாக நினைத்துவிட்டேன். யார் எதற்காக ஓடுகிறார் என்பதை நினைக்கவில்லை.

இப்போது எனக்குச் சரியென்று படுவதை எழுதுகிறேன். இருசக்கர மின்வண்டிகளுக்கு விலக்கு, விலைக்கு ஒரு வரம்புடன், தொடர வேண்டும். சாலைக்கு அவற்றால் தேய்மானமே இல்லை. வாங்குவோரில் பெரும்பாலோர் உழைத்து வாழ்பவர்கள். தொலைவை அளந்து வசூலிப்பதும் படிவம்20 நண்பர் சொன்னபடி இயலாத காரியம். கார்களுக்கு வரி வரட்டும். ஆனால் வாழ்நாள் வரியைக் கணக்கிடும்போது மின்கலத்தின் விலையைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் விதிக்க வேண்டும். என் எடுத்துக்காட்டில் 13 லட்சத்தில் மின்கலம் 4 லட்சம் என்று கழித்தால், மீதி 9 லட்சத்துக்கு 13 விழுக்காடு. பெட்ரோல் காருக்குச் சமமான அதே 1,17,000. கேரளம் மின்கலத்தை வரிக்குள் இழுத்து வந்தது; நாம் வெளியே வைக்கும்படி கேட்போம். விலைத்தாளில் மின்கலத்தின் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தினால் இதைச் செய்துவிட முடியும்.

பெட்ரோல் வரி இழப்பை ஈடுகட்டக் கார்களுக்கு மட்டும் கிலோமீட்டர் கட்டணம் பின்னால் வரலாம். பிரிட்டனில் சென்ற மாதம் 26-ஆம் தேதி நிதிநிலை அறிக்கையில் மின்கார்களுக்கு மைலுக்கு 3 பென்ஸ் என்று அறிவித்தார்கள்; ஆனால் நடைமுறைக்கு வருவது 2028 ஏப்ரலில். முன்கூட்டியே சொல்லி, வாங்குபவர் கணக்குப் போட்டு வாங்க இடம் கொடுக்கிறார்கள். நமக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

---

நாமக்கல் லாரிப்பட்டறை – 2025 டிசம்பர் 11

தம்பி எழுதியதில் பெரும்பகுதிக்கு உடன்படுகிறேன். மின்கலத்தைக் கழிப்பதில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. அரைக் கோடி ரூபாய் காரில் மின்கலமே பதினைந்து இருபது லட்சம் என்று காட்டுவார்கள்; அவருக்கும் அது கழிந்துவிடும். கழிப்புக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். எங்கள் கிளீனர் பையனுக்கு நான் சொல்லக்கூடிய பதிலாக அது இருக்க வேண்டும்.

---

நொய்யல்கரை – 2025 டிசம்பர் 11

ஏற்றுக்கொள்கிறேன், அண்ணா. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு மின்கலக் கழிப்பே வேண்டாம் என்று எழுதுகிறேன். போக்குவரத்துத் துறைக்கு அனுப்பவிருக்கும் மனுவின் வரைவை நாளை இரவுக்குள் இங்கே இடுவேன். இருசக்கர விலக்கு, கார்களுக்கு வரம்புக்குட்பட்ட மின்கலக் கழிப்பு, கிலோமீட்டர் கட்டணம் வருமானால் குறைந்தது இரண்டாண்டு முன்னறிவிப்பு, விற்பனை நிலையங்கள் பதிவுச் செலவைத் தொகைவாரியாகப் பிரித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவை அதில் இருக்கும். செவிலியர் சகோதரி, வீட்டு மின்கணக்கில் சார்ஜ் செய்யும் யூனிட்டைத் தனியாகக் கணக்கிடுவது மின்வாரியத்தின் பொறுப்பில் வருவதால் அதற்குத் தனி மனு எழுத வேண்டும். உங்கள் 512 யூனிட் கணக்கின் நகலை, மின் இணைப்பு எண்ணை மறைத்துவிட்டு அனுப்ப முடியுமா?

---

செவிலியர் செல்வி – 2025 டிசம்பர் 11

நாளை தடுப்பூசி நாள். மறுநாள் காலையில் அனுப்புகிறேன்.